வாய்ப் புண்ணும் மனப் புண்ணும்

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. உண்பதற்கும் பேசுவதற்கும் சிரிப்பதற்கும் நமக்கு வாய்தான் கருவி. கையில் காயம் பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறோம். காலில் புண் வந்தால் களிம்பு தடவிக்கொண்டு மலை ஏறுகிறோம். வாயில் வரும் நோயை அவ்வாறு சுற்றி மறைக்க இயலாது. அதை மறைக்க நினைப்பவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். விருந்துக்குப் போனால் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுகிறார். சிரிக்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறார். வாய்நோய் பல மாதம் நீடித்தால், அதனோடு மனநோவும் சேர்ந்து வளர்ந்துவிடுகிறது.

மருத்துவ உலகம் இந்த உண்மையை ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. கத்தியைக் கொண்டு நோயை அறுக்கக் கற்றது; பின்னர் காரணத்தைக் கண்டுபிடித்தது; அதன்பின் நோயாளிகளைத் தேடிச் சென்றது. நோயாளியின் மனத்தையும் கவனித்தால்தான் வைத்தியம் முழுமை பெறும் என்பதை அது மிகவும் பிந்தியே தெரிந்துகொண்டது. அந்த வரலாற்றையும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அதிலுள்ள பாடத்தையும் இன்று எடுத்துக் கூறுகிறோம்.

முதலில், நெடுநாள் வாய்நோய்கள் எவை என்று பார்ப்போம். எல்லா வாய்ப்புண்ணும் ஒன்றல்ல. சூட்டினால் வந்தது என்று நாம் சொல்லும் சிறு கொப்புளப் புண்கள் பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அவை சிலருக்கு அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை வலை பின்னியதுபோலக் கோடுகள் தோன்றி எரிச்சல் தரும் நோய் ஒன்று உண்டு. 1869-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் அதற்கு 'லைக்கன் பிளேனஸ்' என்று பெயரிட்டார். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வலியில்லாத சிவப்புத் திட்டு ஆகியவை சிலரிடத்தில் புற்றாக மாறக்கூடியவை. பாக்கு மெல்லுவோருக்கு வரும் மற்றொரு நோயில் கன்னத்தின் உட்சதை நார்போல இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். மிளகாய் பட்டால் நெருப்புப் பட்டதுபோல எரியும். இவை எல்லாவற்றிலும் கொடியது வாய்ப்புற்று. சில நாளில் முடிந்துவிடும் நோய்கள் அல்ல இவை. மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நோயாளியோடு கூடவே வாழ்பவை.

வாய்நோய்களைப் பகுத்து ஆராயும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழமையானது. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல், வாயில் வரும் நோய்கள் 65 என்று எண்ணி, உதடு, ஈறு, பல், நாக்கு, அண்ணம், தொண்டை என இடம் பிரித்துச் சொல்கிறது. நம் காலத்து வரலாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் பேசும் மண்ணிலேயே தொடங்குகிறது. 1902-இல் சென்னைப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர், தம்மிடம் வந்த புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களிடையே கன்னத்தில் வரும் புற்று மிகுதி என்பதை அவர் கண்டார்.

அன்றைய தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனை இந்த வரலாற்றில் தனி இடம் பெற்றது. நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1908-இல் ஃபெல்ஸ் என்னும் மருத்துவர், வாய்ப்புற்றுக்காகச் செய்த 209 அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பெண்டால் என்பவர் திருவிதாங்கூரில் கண்ட 1700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் சிகரம் ஏறும் குழுவில் சென்ற ஹோவார்ட் சாமர்வெல் என்னும் வீரர், மலையேற்றப் புகழை விட்டுவிட்டு இந்த நெய்யூருக்கு வந்து ஏழை மக்களுக்கு அறுவை மருத்துவராகப் பல்லாண்டு தொண்டாற்றினார். 1933-இல் ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மென்று, அதைக் கன்னத்திலேயே அடக்கி வைத்திருக்கும் வழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை எடுத்துக் காட்டினார்.

அதே வழக்கம் கடல் கடந்தும் வந்தது. கங்காணிமார் அழைத்து வந்த நம் முன்னோர் மூட்டையில் சட்டியும் துணியும் இருந்தன. மடியில் வெற்றிலைச் சுருக்குப் பை இருந்தது. 1929-இல் ரஸ்ஸல் என்பார் ஹாபு வட்டாரத்தில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபின், இந்த மலைச் சரிவுகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களில் நம்மவர் பலர். வெற்றிலைக் கொடி செழிக்காத இந்தக் குளிர் மலைக்கும் வெற்றிலைக் கட்டுகள் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தன. பனியில் விறைத்த உடம்புக்குச் சூடு, பசித்த வயிற்றுக்கு ஓர் ஏமாற்று, வேலைக் களைப்புக்கு ஒரு மாற்று, பக்கத்து நிரையில் பறிப்பவளோடு பேச ஒரு சாக்கு என்று வெற்றிலை பல வேலை செய்தது. திருமணத்தில் தாம்பூலம் வைப்பதும், வீட்டுக்கு வந்தவரிடம் தட்டை நீட்டுவதும் நம் மரியாதைகள். ஆகையால் 'வெற்றிலை போடாதே' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. அதை விட்டவர் எதையெல்லாம் விட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

மலேசியாவிலும் இந்நோய் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் க. ராமநாதன் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்று நோயாளிகளை இன வாரியாகப் பிரித்துக் காட்டினார். மக்கள் தொகையில் சிறு பங்கினராகிய இந்தியர், இந்நோயாளிகளிடையே பெரும் பங்கினராக இருந்தனர். வாய் இறுகும் நோய்க்கு இரத்தச் சோகையும் சத்துக் குறைவும் காரணமாகலாம் என்று அவர் 1981-இல் எழுதினார். அந்நோய்க்குப் பாக்கே முதற்காரணம் என்பது இன்று உறுதியாகிவிட்டது. ஆயினும் இரும்புச் சத்துக் குறைந்தால் நாக்கு வழவழப்பாகி எரிச்சல் எடுக்கும் என்பது உண்மை. தேயிலை மக்களாகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிப்பது நல்லது.

1993, 1994-ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைப் பல் மருத்துவர்கள் சோதித்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேருக்கு வாயில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. புற்றாக மாறக்கூடிய நிலை சீனரிடம் நூற்றுக்கு அரைப் பங்கு. இந்தியரிடமோ நூற்றுக்கு 4 பேர். உலக அளவிலும் சான்றுகள் குவிந்தன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985-இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றை உண்டாக்கும் என்று 2004-இல் வெளியான அதன் அறிக்கை கூறிற்று. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று ஆறுதல் கொள்ள இனி இடமில்லை.

கத்தி பழகிவிட்டது, காரணமும் தெரிந்துவிட்டது, நோயாளியைத் தேடிப் போகவும் கற்றாகிவிட்டது. அப்படியும் ஒரு தடை எஞ்சி நின்றது. இலங்கையில் கிராமச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டு ஏறக்குறைய முப்பதாயிரம் பேரின் வாயைச் சோதித்த முயற்சியின் முடிவு 1984-இல் வெளியாயிற்று. டார்ச் விளக்கைப் பிடித்து வாயைப் பார்க்க ஊழியர்களால் முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் திட்டு கண்டுபிடிக்கப்பட்டு, 'மருத்துவமனைக்குப் போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் போகவே இல்லை. மத்திய இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற தனி ஆய்வும் 2007-இல் வெளியாயிற்று. அங்குள்ள மக்கள் நம் சுற்றத்தார் போன்றவர்கள். அதே லயம், அதே மலை, அதே வெற்றிலைப் பை.

ஏன் போகவில்லை? கூலி போய்விடும், வண்டிக்குக் காசில்லை, குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பவை மெய்யான காரணங்கள். அவற்றின் அடியில் வேறு சில ஒளிந்திருக்கின்றன. வலி இல்லையே, பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒன்று. புற்று என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் ஒன்று. முகத்தை வெட்டிவிடுவார்கள் என்ற நடுக்கம் ஒன்று. கத்தி பட்டால் நோய் பரவும் என்ற தவறான நம்பிக்கை ஒன்று. மகள் கல்யாணம் முடியட்டும் என்று மூடி வைக்கும் தாயுள்ளம் ஒன்று. இவற்றுள் ஒன்றையாவது களிம்பாலோ மாத்திரையாலோ போக்க முடியாது. நம்பகமான ஒருவர் உட்கார்ந்து பேசினால்தான் போக்க முடியும். சிறு வெள்ளைத் திட்டாக இருக்கும்போது வந்தால் பெரும்பாலும் எளிதில் தீரக்கூடிய நோய், இந்த அச்சத்தினால் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறது. உயிர் போவதற்கும் நிற்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பல வேளைகளில் இந்தச் சில மாதத் தாமதந்தான்.

படிப்பறிவில்லாதவர்தாம் இப்படி அஞ்சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. மனித மனத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டு உலகப் புகழ் பெற்றவர் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. ஓயாமல் சுருட்டுப் பிடித்த அவருக்கு 1923-இல் மேல் அண்ணத்தில் புற்று வந்தது. தொடக்கத்தில் அவரைப் பார்த்த மருத்துவர்கள் உண்மையைச் சொல்லாமல் மறைத்தனர். பின்னர் அதை அறிந்தபோது பிராய்டு மிகவும் சினம் கொண்டார். அதே ஆண்டில் மேல் தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைக்கப் பெரியதொரு செயற்கை அண்ணம் பொருத்தினர். அதை அவர் அரக்கன் என்றே அழைத்தார். அதைப் போட்டாலும் வலி, எடுத்தாலும் பேச முடியாது. பிறர் முன்னால் உண்ணக் கூசினார். பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. இவ்வளவுக்குப் பிறகும் சுருட்டை விடுவது அவருக்குப் பெரும்பாடாயிற்று. மனத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்த அறிஞருக்கே பழக்கம் அப்படிப் பிடி கொடுக்கவில்லை என்றால், லயத்தில் வாழும் ஒரு பாட்டியை 'சொன்னால் கேட்பதில்லை' என்று நாம் திட்டுவது நியாயமாகுமா?

பிராய்டைத் தாங்கிக்கொண்டவர் அவர் மகள் அன்னா. அழுகையும் அனுதாபப் பேச்சும் வேண்டாம். செய்ய வேண்டியதைப் பதறாமல் செய்ய வேண்டும் என்று தந்தையும் மகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். பின்னாளில் வந்த ஷூர் என்னும் மருத்துவர், எப்போதும் உண்மையே சொல்வதாக அவருக்கு வாக்களித்தார். நடுங்காத ஒரு துணையும், பொய் சொல்லாத ஒரு மருத்துவரும் பக்கத்தில் இருந்ததால், 1939-இல் லண்டனில் காலமாவதற்குச் சில வாரங்கள் முன்வரை பிராய்டு நோயாளிகளைப் பார்த்து வந்தார்.

பிராய்டுக்கு நோய் கண்ட அதே 1923-இல், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு குடிசைகளில் தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைப் பெரிய நிலையமாக வளர்த்தனர். பிற்காலத்தில் அங்கே நோயாளியின் மனத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறை ஏற்பட்டது. 2002-இல் இந்தியாவில் புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் ஆலோசனை நிலையங்கள் தொடங்கப்பட்டபோது, அடையாறும் அவற்றுள் ஒன்றாயிற்று. வெட்டுவதற்கு ஒரு மருத்துவர், கதிர் வைப்பதற்கு ஒரு மருத்துவர் என்றிருந்த இடத்தில், உட்கார்ந்து பேசிக் கேட்பதற்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்ற நிலை வந்தது.

இதற்கு வெளிநாட்டிலும் வழி காட்டியவர்கள் உண்டு. தாதியாகவும் சமூக ஊழியராகவும் மருத்துவராகவும் பணி செய்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் என்னும் இல்லத்தைத் திறந்தார். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை. அச்சம், குடும்பக் கவலை, பணக் கவலை, கடவுளைப் பற்றிய கேள்வி எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று அவர் எடுத்துக் கூறினார். 1977-இல் நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்னும் பெண் மருத்துவர், ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையிலேயே மனநல மருத்துவப் பிரிவை நடத்தத் தொடங்கினார். நம் நாட்டிலும் 1966-இல் மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1991-இல் ஹோஸ்பிஸ் மலேசியாவும் தோன்றி, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆதரவு அளித்து வருகின்றன.

பேசுவதால் நோய் குறையுமா என்று கேட்பவர்களுக்கு விடை கேரளத்திலிருந்து வந்தது. 1977-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தினர் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர் ஆகிய மூன்று மாவட்டங்களில் புகையிலை பழகிய 36,000 பேரைத் தெரிந்தெடுத்தனர். வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்து, அவரவர் நிலையை அவரவருக்கே எடுத்துச் சொல்லி, பழக்கத்தை விடும்படி அறிவுரை கூறினர். படக்காட்சி, சுவரொட்டி, செய்தித்தாள் ஆகியவற்றோடு வானொலியும் துணை செய்தது. ஐந்தாண்டு கழித்து எர்ணாகுளத்தில் நூற்றுக்கு 9 பேருக்குச் சற்று மேல் பழக்கத்தை அடியோடு விட்டிருந்தனர். அறிவுரை பெறாத முந்திய கூட்டத்தில் விட்டவர்கள் நூற்றுக்கு 3 பேரே. அடியோடு விடாத பலரும் குறைத்துக்கொண்டனர். வெள்ளைத் திட்டு புதிதாகத் தோன்றுவது ஆண்களிடத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகவும், பெண்களிடத்தில் அதனினும் குறைவாகவும் இறங்கிற்று. மருந்து ஒரு சொட்டும் கொடுக்காமல், அன்போடும் விடாமுயற்சியோடும் பேசியதன் பயன் இது.

திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய மற்றொரு பெரு முயற்சியில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டுக்கு வீடு சென்று மூன்று சுற்று வாய்ச் சோதனை நடத்தினர். புகையிலை அல்லது மது பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு, சோதனை நடக்காத ஊர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005-இல் தெரியவந்தது. மலேசியச் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவினரும் 1997 முதல் தோட்டப் புறங்களுக்கு வந்து வாய்ச் சோதனை நடத்தும் திட்டத்தை மேற்கொண்டனர். அத்தகைய குழு வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளாமல் வாயைத் திறந்து காட்டுவதே நாம் செய்யும் முதல் உதவி.

மனத்தால் உடம்பு கெடுவதும் உண்டு. அடிக்கடி வரும் சிறு புண்களும், மேலே சொன்ன வலைக்கோட்டு நோயும் கவலை மிகுந்த காலத்தில் பலருக்குக் கூடுவதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். வாயில் புண்ணே இல்லாமல் நாக்கு எரியும் ஒரு நோயும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது மிகுதி. 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நினைப்பு' என்று அவர்களை விரட்டுவது பெருந்தவறு. அந்த எரிச்சல் மெய்யானது. 1995-இல் சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், இத்தகைய நோயாளிகளோடு வாரந்தோறும் முறைப்படி பேசி, எரிச்சலைப் பற்றிய அச்சத்தைக் குறைத்தபோது எரிச்சலே தணிந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மன உறுதி இருந்தால் புற்று தானே கரைந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மந்திரித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மன ஆதரவு அறுவைக்கும் கதிர் வைத்தியத்துக்கும் ஈடாகாது. அந்த வைத்தியத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், நடுவில் ஓடிவிடாமல் நிலைக்கச் செய்வதும், முடிந்தபின் மறுபடி மனிதராக வாழ வைப்பதுமே அதன் வேலை. வாய் இறுகிய நோயாளி நாள்தோறும் பலமுறை வாயைத் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கும், பலன் மெதுவாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒருவர் இருந்து, 'நேற்றைக்கு இன்று நூலளவு கூடியிருக்கிறது' என்று சொன்னால் பயிற்சி தொடரும். தனியே விட்டால் ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

இனி, குடும்பத்தார் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்கிறோம். இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாத தடிப்பு, வாய் திறக்கச் சிரமம், விழுங்கச் சிரமம், இவற்றுள் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 'போய் வா' என்று அனுப்பாமல் ஒருவர் கூடவே போங்கள். தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பினால் மலைப்பாதை நீண்டது. தனியே போகிறவர் பாதி வழியில் மனம் மாறிவிடுவார். மருத்துவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், மலாயில் உள்ள சீட்டைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் அவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்து ஒதுக்காதீர்கள். வாய்ப்புற்று உடன் உண்பதால் தொற்றுவதில்லை. கஞ்சியோ குழைந்த சோறோ காரமில்லாமல் சமைத்து, எல்லாரும் உண்ணும் வேளையில் கூட உட்கார்த்தி வையுங்கள். பேச்சு தெளிவில்லாவிட்டால் அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள்; அவருக்குப் பதில் நீங்களே பேசிவிடாதீர்கள். நோயின் உண்மையை அவர் கேட்டால், மருத்துவரைக் கொண்டு மென்மையாகச் சொல்லச் செய்யுங்கள். முன்வினைப் பயன் என்றும், 'அப்போதே சொன்னேன்' என்றும் குத்திக் காட்டாதீர்கள்.

வெற்றிலையை விட விரும்புகிறவர், எந்த நேரத்தில் கை பைக்குப் போகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். காலைப் பெரட்டுக்கு முன்பா, சோற்றுக்குப் பிறகா, குளிர் ஏறும் மாலையிலா? அந்த நேரத்துக்கு வேறொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாய் வெந்நீரோ, கிராம்பு ஒன்றோ, பக்கத்து வீட்டாரோடு நடந்து வருவதோ எதுவாயினும் சரி. ஒருவர் மட்டும் விடுவது கடினம். ஒரு வீட்டில் எல்லாரும் சேர்ந்து விடுவது எளிது. தட்டில் வெற்றிலை வைக்கும் மரியாதையைப் பழமோ பூவோ வைத்தும் செய்யலாம். விட்டவர் மறுபடி ஒருநாள் போட்டுவிட்டால் ஏசாதீர்கள். பலர் பலமுறை முயன்றே விட்டிருக்கின்றனர். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப் பழக்கத்தை நிறுத்தும் ஆலோசனை கிடைக்கிறது, கேட்டுப் பெறலாம்.

கடைசியாக, நோயாளி தூக்கமின்றி, உணவின்றி, யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, 'நான் இருந்து என்ன பயன்' என்று சொன்னாலோ அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் என்னும் தொண்டு அமைப்பு, துயரப்படுபவர் பேச்சைத் தொலைபேசியில் கேட்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாயோ மனைவியோ சோர்ந்து போவார் என்பதையும் மறக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள் அக்கம் பக்கத்தார் முறை வைத்து அவருக்கு ஓய்வு கொடுக்கலாம். தோட்டத்தில் சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் நாம் ஒன்றுகூடுகிறோம். நோய் வீட்டுக்கும் அவ்வாறு கூடினால் என்ன?

நேயர்களே, நூறாண்டுக்கு மேல் அறிஞர் பலர் பாடுபட்டுக் கண்டவற்றுள் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டியவை சில. வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடியவை பல. இன்று இரவு விளக்கடியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயை ஒருமுறை பாருங்கள். ஏதேனும் கண்டால் பதறாமல், மறைக்காமல், கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.